கழுத்து வலியும் பொறுமையும்: நேரில் ஒருவர், திரையில் ஒருவர்



காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் கஞ்சி காய்ச்சுவார்கள். பிள்ளைகளைச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டுவார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்க்க நாலு கைகள் நீளும். கழுத்து வலிக்கு இந்த மரியாதை எதுவும் கிடைப்பதில்லை. அது கண்ணுக்குத் தெரியாத நோய். தொட்டால் சுடாத நோய். 'தலையணை சரியில்லை', 'தைலம் தேய்த்துப் படு' என்னும் இரண்டு வாக்கியங்களோடு அதன் விசாரணை முடிந்துவிடுகிறது. பிறகு அந்தப் பெண் எழுந்து மாவு பிசையப் போகிறாள்.

இதை எழுதும் நாங்கள் இருவரும் உடன்பிறந்த சகோதரிகள். மூத்தவர் மேலப்பாளையத்திலும் இளையவர் கடையநல்லூரிலும் வாழ்க்கைப்பட்டவர்கள். மூத்தவர் வீட்டிலேயே தையல் தொழில் செய்பவர். இளையவர் வெளிநாடுகளில் வாழும் நம் குடும்பப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வழியாகக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவர். இருவருக்கும் ஓராண்டுக்கு மேலாகக் கழுத்து வலி இருந்தது. மூத்தவர் பாளையங்கோட்டைக்கு நேரில் சென்று பயிற்சிச் சிகிச்சை பெற்றார். இளையவர் அதே காலத்தில் காணொளி அழைப்பின் வழியே பெற்றார். இரண்டு வழிகளிலும் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் பேசிப் பார்த்தோம். அந்தப் பேச்சு நம் வீட்டுப் பெண்கள் பலருக்கும் பயன்படக்கூடும் என்று தோன்றியதால் எழுதுகிறோம்.

வலி வந்த வழி

எங்கள் உம்மா பீடி சுற்றி எங்களை வளர்த்தவர். இலையை நனைத்து, அளவு பார்த்துக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டுவார். மடியில் சுளகு, சுளகின்மேல் கவிழ்ந்த தலை. சுப்ஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தால் லுஹர் பாங்கு கேட்கும்போதுதான் தலை நிமிரும். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் முக்கூடலிலும் இப்படிக் குனிந்த தலைகளின் உழைப்பில் கரையேறிய குடும்பங்கள் எத்தனையோ! உம்மாவுக்கும் கழுத்து வலித்திருக்கும். வலிப்பதாக அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வயதில் இல்லை.

எங்கள் காலத்தில் சுளகு போய்த் தையல் இயந்திரமும் கைப்பேசியும் வந்தன. குனிவது மட்டும் மாறவில்லை. வளர்ந்த மனிதரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்திருக்கும்போது ஏழு கழுத்தெலும்புகளும் அந்தச் சுமையை இயல்பாகத் தாங்கிக்கொள்கின்றன. தலை முன்னால் சாயச் சாய, பின்கழுத்துத் தசைகள் அதை விழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மணிக்கணக்கில் அசையாமல் இப்படி இழுத்துப் பிடிக்கும் தசைகள் இறுகுகின்றன. கழுத்தின் உட்புறத்தில் தலையைத் தாங்க வேண்டிய சிறு தசைகளோ வேலையின்றி வலுவிழக்கின்றன.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். உலக அளவில் 2020-ஆம் ஆண்டில் சுமார் 20 கோடிப் பேருக்குக் கழுத்து வலி இருந்ததாக ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் அது அதிகம் என்றும் அதே ஆய்வு காட்டுகிறது.

எங்களுள் மூத்தவருக்கு அந்த வலி எந்த இடத்தில் உறைத்தது என்றால், தொழுகையின் முடிவில். வலப்புறம் சலாம் கொடுக்கத் தலையைத் திருப்ப முடியாமல், இடுப்போடு சேர்த்து உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. இளையவருக்கு அது வகுப்பில் உறைத்தது. மூன்றாவது பிள்ளைக்குப் பாடம் சொல்லும்போதே பின்மண்டையில் தலைவலி தொடங்கிவிடும். எரிச்சல் வரும், குர்ஆனை ஓதிக் காட்டும் குரலில் கடுமை ஏறும். இரவில் எந்தப் பக்கம் படுத்தாலும் தூக்கம் கலையும். வகுப்புகளை நிறுத்திவிடலாமா என்று எண்ணும் நிலைக்கு அவர் வந்திருந்தார். கணவர் துபையில் வேலை பார்க்கிறார். அந்தச் சிறு வருமானம் அவருடைய கையில் இருந்த ஒரே சொந்தக் காசு.

வலி தசையில்தான் தொடங்குகிறது. ஆனால், அது தூக்கத்தையும் வருமானத்தையும் இபாதத்தின் ஓர்மையையும் பிள்ளைகளிடம் காட்டும் முகத்தையும் தொட்டுவிடுகிறது. நலவாழ்வு என்று இப்போது பெரிதாகப் பேசப்படுவது இவை எல்லாம் சேர்ந்ததுதான்.

பயிற்சி எப்படி மருந்தாகிறது?

'எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்திருக்கிறது' என்று சொன்ன நாள் முதல் மூத்தவர் கழுத்தை அசைக்கவே அஞ்சினார். நம் ஊர்களில் தேய்மானம் என்ற சொல்லைக் கேட்ட பலருக்கும் இதே அச்சம்தான். நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களின் எக்ஸ்ரேயில், வலியே இல்லாதவர்களிடத்திலும் இத்தகைய மாற்றங்கள் காணப்படுவது வழக்கம் என்று பின்னர் அவருடைய சிகிச்சையாளர் விளக்கினார். தலைமுடி நரைப்பது போன்றது அது. நரைத்த முடி வலிப்பதில்லை அல்லவா? நாள்பட்ட வலியில் நரம்புகள் அளவுக்கு மீறி எச்சரிக்கையாகிவிடுகின்றன. பூனை நடந்தாலும் ஒலிக்கும் அபாய மணியைப் போல, சிறிய அசைவுக்கும் பெரிய வலி எழுகிறது. அஞ்சி அசையாமல் இருந்தால் தசை இன்னும் வலுவிழக்கும். மணி இன்னும் கூர்மையாகும். மெல்ல மெல்ல அசைத்து வலுவூட்டுவதே அந்த மணியைத் தணிக்கும் வழி.

பின்லாந்து நாட்டில் அலுவலகங்களில் பணியாற்றிய, நாள்பட்ட கழுத்து வலியுடைய 180 பெண்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2003-இல் வெளியாயிற்று. ஓராண்டுக் காலம் கழுத்துத் தசைகளுக்கு முறையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு வலியும் இயலாமையும் நன்றாகக் குறைந்தன. நீட்டி மடக்கும் பயிற்சிகளும் பொதுவான உடற்பயிற்சியும் மட்டும் செய்யச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்த அளவு பயன் கிட்டவில்லை. இதில் எங்கள் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. அந்தப் பெண்கள் தொடக்கத்தில் சில நாட்கள் மையத்தில் இருந்து பயிற்சியைக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு ஆண்டு முழுவதும் தங்கள் வீட்டில்தான் செய்தார்கள். கற்றுக்கொடுக்க ஒரு கை வேண்டும். செய்து முடிக்க வீடு வேண்டும். நேரிலா, திரையிலா என்னும் கேள்விக்கு இதற்குள்ளேயே பாதி விடை இருக்கிறது.

நேரில் சென்றவர் கண்டது

பாளையங்கோட்டையில் மூத்தவர் சென்ற இடத்தில் பெண் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் இருந்தார். வாரம் இரண்டு முறை, ஆறு வாரங்கள். முதல் நாள் முக்கால் மணி நேரம் பரிசோதனையே நடந்தது. கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது, கைப்பிடியில் வலு எப்படி, விரல்களில் உணர்ச்சி சரியா, முழங்கையில் சுத்தியல் தட்டினால் கை துள்ளுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பிறகு மல்லாந்து படுக்கச் சொல்லி, 'ஆமாம்' என்று மெதுவாகத் தலையசைப்பது போல் தாடையை உள்ளிழுக்கச் சொன்னார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பயிற்சி. பத்து நொடிகள் நிறுத்தி, பத்து முறை செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்வெண்டோலன் ஜல் என்னும் இயன்முறை அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து உலகெங்கும் பரவச் செய்த பயிற்சி முறை இது. உட்கழுத்துத் தசைகளை விழிக்கச் செய்வதே இதன் நோக்கம். மூத்தவர் தாடையை இழுத்தபோது சிகிச்சையாளர் அவருடைய முன்கழுத்தில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தார். "மேல் தசைதான் வேலை செய்யுது அக்கா. மூச்சையும் பிடிச்சு வச்சிருக்கீங்க. விட்டுட்டு மெதுவா செய்யுங்க" என்றார். அந்த இரண்டு விரல்கள் கண்டதை எந்தக் கேமராவும் கண்டிருக்காது. நேரில் செல்வதன் முதற்பயன் இதுதான்.

இரண்டாவது பயன், காத்திருக்கும் பெஞ்சில் கிடைத்தது. அங்கே தோள்வலிக்கு வந்த ஆசிரியை இருந்தார். முழங்காலுக்கு வந்த மாமி ஒருவர் இருந்தார். மூத்தவரைப் போலவே தைக்கும் பெண் ஒருவரும் இருந்தார். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்னும் எண்ணம் அந்தப் பெஞ்சில் மெல்லக் கரைந்தது. தனக்கென்று ஒரு வேலையாக வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் போவதே பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு வாய்த்த அனுபவம்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ஒரு முறைக்கு 300 ரூபாய் வீதம் 12 முறைக்கு 3600 ரூபாய். ஆட்டோக் கட்டணம் தனி. போய்வர அரைநாள் கழியும். அன்று தையல் நடக்காது. நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் தையல் செய்பவருக்கு அரைநாள் என்பது சிறிய இழப்பு அல்ல.

திரையில் பெற்றவர் கண்டது

இளையவரின் நிலை வேறு. கடையநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் சென்று திரும்ப ஒரு பகல் வேண்டும். அருகில் விசாரித்த இடத்தில் பெண் சிகிச்சையாளர் இருக்கும் நேரமும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரமும் ஒன்றாக இருந்தன. ஆகவே, முதலில் மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டினார். நரம்பு அழுத்தம் போன்ற சிக்கல் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், சென்னையில் இருக்கும் பெண் சிகிச்சையாளர் ஒருவரிடம் காணொளி வழியே பயிற்சியைத் தொடங்கினார். வாரம் ஒரு முறை 400 ரூபாய். எட்டு வாரங்களுக்கு 3200 ரூபாய். பேருந்து இல்லை, காத்திருப்பு இல்லை.

ஹிஜாப் பேணும் பெண்ணுக்குக் கழுத்தைக் காட்டிச் சிகிச்சை பெறுவது திரையில் ஒரு தனிக் கேள்வி. இளையவர் அதைத் தயங்காமல் முதல் அழைப்பிலேயே கேட்டார். காணொளி பதிவு செய்யப்படுமா, அந்தப் பக்கம் அறையில் வேறு யாரேனும் இருப்பார்களா என்று வினவினார். பதிவு இல்லை, தான் மட்டுமே இருப்பேன் என்று சிகிச்சையாளர் உறுதி கூறினார். ஒவ்வொரு முறையும் தாம் இருக்கும் அறையின் கதவைக் காட்டிவிட்டே தொடங்கினார். இந்தக் கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, நம் உரிமை.

கைப்பேசி சீனி டப்பாவின்மேல் சாய்ந்து நின்றது. சில வேளை நெட் அறுந்து, சிகிச்சையாளரின் கை பாதி உயரத்திலேயே உறைந்து நிற்கும். ஆனால், நேரில் சென்றிருந்தால் கிடைத்திருக்காத ஒன்று திரையில் கிடைத்தது. "நீங்க பாடம் நடத்துற இடத்தைக் காட்டுங்க" என்று சிகிச்சையாளர் கேட்டார். தரையில் விரித்த பாய், முழங்கால் உயர ரைஹால், அதன்மேல் குர்ஆன், பக்கத்தில் தாழ்வாகக் கைப்பேசி. நாள்தோறும் நான்கு மணி நேரம் கழுத்து எங்கே குனிகிறது என்பதை அவர் தம் கண்ணால் கண்டார். சுவரோரமாக ஒரு மேசை போடச் சொன்னார். கைப்பேசியைக் கண் மட்டத்திற்கு உயர்த்தச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையின் பாடம் முடிந்ததும் எழுந்து இரண்டு நிமிடம் தோள்களைச் சுழற்றச் சொன்னார். பாதித் தலைவலி இந்த மாற்றத்திலேயே குறைந்தது.

வீட்டிலேயே சிகிச்சை நடப்பதால் ஒரு குறையும் உண்டு. அது சிகிச்சை என்று வீட்டாருக்குத் தோன்றுவதில்லை. "போனை வச்சுக்கிட்டு என்ன ஆட்டம் இது?" என்று மாமி முதல் வாரம் கேட்டார். இடையில் பிள்ளை வந்து தண்ணீர் கேட்கும். வாசலில் பால்காரர் அழைப்பார். நேரில் செல்பவரை வீடு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. திரையில் இருப்பவரை வீடு அழைத்துக்கொண்டே இருக்கிறது. நான்காம் வாரம் மாமிக்கே தோள் பிடித்துக்கொண்டது. மருமகளின் பக்கத்தில் நின்று அவரும் தோளைச் சுழற்றினார். அதன்பின் அந்த இருபது நிமிடத்திற்குக் கதவருகே காவல் இருப்பவர் அவர்தான்.

திரை நின்ற இடம்

இரண்டாம் மாதத்தில் இளையவரின் வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எறும்பு ஊர்வது போன்ற மதமதப்புத் தொடங்கியது. அதைச் சொன்னதும் சென்னைச் சிகிச்சையாளர் அன்றைய பயிற்சியை நிறுத்தினார். "இதைத் திரையில பார்த்து முடிவு சொல்ல மாட்டேன். இந்த வாரமே நேர்ல காட்டுங்க" என்றார். மூத்தவர் துணைக்கு வர, பாளையங்கோட்டையில் மருத்துவர் பரிசோதித்தார். கைவலு குறையவில்லை, கழுத்து நரம்பு ஒன்றில் எரிச்சல் இருந்தது. சில பயிற்சிகளை நிறுத்தி வேறு சில சேர்க்கப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ், மூன்று வாரத்தில் மதமதப்பு அடங்கியது. பிறகு திரையிலேயே சிகிச்சை தொடர்ந்தது.

நல்ல சிகிச்சையாளரின் அடையாளத்தை அன்று நாங்கள் கண்டோம். தம் வழியின் எல்லையை அறிந்து, அந்த எல்லையில் நின்று, 'இனி அங்கே போங்கள்' என்று சொல்பவரே நம்பத் தகுந்தவர். அதே சமயம், ஆறு வாரம் முடித்த மூத்தவர் எதிர்த்திசையில் வந்தார். பயிற்சியைக் கற்றுக்கொண்ட பின், இரண்டு வாரத்திற்கு ஒரு முறை காணொளியில் செய்து காட்டித் திருத்திக்கொள்வது போதும் என்று அவருடைய சிகிச்சையாளரே சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தோம். மூத்தவர் இப்போது இரு பக்கமும் கழுத்தை மட்டும் திருப்பிச் சலாம் கொடுக்கிறார். இளையவர் இரவில் விழிக்காமல் தூங்குகிறார், வகுப்புகள் தொடர்கின்றன. வலி இருவருக்கும் அடியோடு மறைந்துவிடவில்லை. வேலை மிகுந்த நாட்களில் எட்டிப் பார்க்கிறது. அப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருப்பதால் அச்சம் இல்லை. மனநலத்தைப் பொறுத்தவரை மூத்தவருக்குப் பெஞ்சுத் தோழிகள் கிடைத்தார்கள். இளையவருக்கு அது கிட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, அவர் பக்கத்து வீட்டுச் சகோதரியோடு அஸருக்குப் பின் மொட்டைமாடியில் நடக்கத் தொடங்கினார்.

இருவரின் கதை ஓர் ஆய்வு ஆகிவிடாது என்பதை அறிவோம். ஆயினும், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஒன்று, எலும்பு, தசை, மூட்டுச் சிக்கல்களுக்கு நேரலைக் காணொளி வழியே அளிக்கும் பயிற்சிச் சிகிச்சை வலியிலும் செயல்திறனிலும் வழக்கமான சிகிச்சைக்கு ஒப்பான பலன் தருவதாகக் கூறியது. அதில் இடம்பெற்றோருள் பலர் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள். எனவே, கழுத்துக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. நேரலையில் ஒரு சிகிச்சையாளர் நம்மைப் பார்த்துத் திருத்துவது வேறு. யாரோ பதிவேற்றிய காணொளியைப் பார்த்து நாமே செய்துகொள்வது வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஸப்ரு என்றால் என்ன?

'பொறுத்துக்கொள், அல்லாஹ் நன்மை தருவான்' என்ற ஆறுதல் உண்மையானது. நோயைப் பொறுத்துக்கொள்பவருக்கு நற்கூலி உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆனால், அந்த ஆறுதல் பல வீடுகளில் சிகிச்சைக்குப் பதிலாகச் சொல்லப்படுகிறது. அதிலும் பெண்களுக்கே அதிகம் சொல்லப்படுகிறது. நபி (ஸல்) அவர்கள் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு வழிகாட்டியவர்கள். இடைவிடாத நோன்பிலும் இரவுத் தொழுகையிலும் தம்மை வருத்திக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று நினைவூட்டியவர்கள். உடல் அமானிதம் என்றால் கழுத்தும் அமானிதம்தான்.

வலி கடுமையான நாட்களில் மூத்தவர் நாற்காலியில் அமர்ந்து தொழக் கூச்சப்பட்டார். மூலநோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி அவருக்குத் தெம்பளித்தது. சலுகை அல்லாஹ் தந்தது. அதைப் பெறுவதில் வெட்கம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொழுகையே சிறந்த உடற்பயிற்சி, வேறு பயிற்சி தேவையில்லை என்று சிலர் கூறுவதுண்டு. தொழுகை இபாதத். அதில் உடல் அசைகிறது. அதனால் நன்மையும் விளையலாம். ஆனால், வலுவிழந்த குறிப்பிட்ட தசைகளுக்குக் குறிப்பிட்ட பயிற்சி தேவைப்படும்போது, தொழுகையை அதற்கு ஈடாகக் காட்டுவது இரண்டுக்கும் நியாயம் ஆகாது. உடலைச் செம்மையாக்கிக்கொண்டால் தொழுகையில் மனம் நிலைக்கும். வரிசையை அப்படி வைத்துக்கொள்வதே நன்று.

எங்கள் அனுபவத்தில் ஸப்ரு என்பதற்கு ஒரு பொருள் தெளிவாயிற்று. வலியை வாய்மூடித் தாங்குவதைவிட, பலன் கண்ணுக்குத் தெரியாத முதல் ஐந்து வாரங்களில், யாரும் பாராட்டாத அந்தத் தாடைப் பயிற்சியை நாள்தோறும் பத்து முறை செய்வதற்கே அதிகப் பொறுமை தேவைப்படுகிறது. நேரிலோ திரையிலோ சிகிச்சையாளர் வழிதான் காட்டுகிறார். குணமாக்கும் நாதன் அல்லாஹ். இரண்டுக்கும் இடையில் நம் பங்கு அந்த இருபது நிமிடம்.

தேர்ந்தெடுப்போருக்குச் சில சொற்கள்

கைகால்களில் மரத்துப்போதல் அல்லது வலுவின்மை, நடையில் தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்ததற்கோ விபத்துக்கோ பின் வந்த வலி, திடீரென எழுந்த கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் திரை வேண்டாம். தாமதிக்காமல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

அவை இல்லாவிட்டாலும், முதற்பரிசோதனை ஒன்றேனும் நேரில் நடப்பது நல்லது. அதன்பின் தூரம், செலவு, பிள்ளைகள், பெண் சிகிச்சையாளர் கிடைக்காமை ஆகிய காரணங்கள் இருந்தால் காணொளி வழி தயங்காமல் ஏற்கத் தக்கது. எதிரில் இருப்பவர் பி.பி.டி. அல்லது எம்.பி.டி. பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். பெண் சிகிச்சையாளரைத் தேடுங்கள். கிடைக்காமல் தேவை நெருக்கும்போது, வரம்பு பேணி ஆண் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். சிகிச்சையையே கைவிட வேண்டியதில்லை.

பணம் தடையானால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். நடமாட இயலாத முதியவர்களுக்காக உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதை நம் ஆண்கள் விட்டுவிட வேண்டும். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்கள் கழுத்தெலும்புகளின் ஊடே செல்கின்றன. திடீர்த் திருகலில் அவை கிழிந்தால் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும்.

இறுதியாக, வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மனைவிக்கோ தாய்க்கோ சகோதரிக்கோ கழுத்து வலி என்றால், தைலம் வாங்கி வருவதோடு நில்லாதீர்கள். நாளுக்கு இருபது நிமிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், அந்தக் கதவைச் சாத்தி வையுங்கள். நேரிலா, திரையிலா என்னும் கேள்வி அதற்கு அடுத்ததுதான். அந்த இருபது நிமிடம் கிடைக்காத பெண்ணுக்கு இரண்டு வழியும் பயன்படாது.

வல்ல நாயன் நம் வீடுகளில் நோயுற்றிருக்கும் அனைவருக்கும் பரிபூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! நமக்கு அவன் அளித்த உடலைப் பேணும் அறிவையும், ஒருவர் வலியை மற்றவர் உணரும் மனத்தையும் அருள்வானாக! ஆமீன்.